லோடு ஏற்றினால் இழுக்காத டிரெய்லர்: முள் எந்த எண்ணில் விழுகிறது?

மாதவரத்தில் எங்கள் ஷெட்டுக்கு வாரம் தவறாமல் ஒரு வண்டியாவது இந்தப் புகாரோடு வந்துவிடும். "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது." எங்கே இழுக்கவில்லை என்று கேட்டால், "எங்கயுமே இழுக்கலண்ணே" என்பார் டிரைவர். அடுத்த நிமிடம் ஓனர் போனில் வந்து, "டர்போவை மாத்திடலாமா?" என்பார். நான் இரண்டு பேரிடமும் கேட்பது ஒன்றுதான். இழுவை விழும்போது ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், எந்த எண்ணில் இருந்தது? அந்த எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

காலி வண்டியை ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்புவது இந்தத் தொழிலில் பெரிய தப்பு. 55 டன் வண்டி சமதளத்தில் உருளுவதற்கு சுமார் 400 கிலோ இழுப்பு போதும். அதே வண்டி நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் ஏற வேண்டுமானால், மேலே தூக்குவதற்கே இன்னொரு 2,750 கிலோ வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு. வெளிவட்டச் சாலையில் ஒளிந்துகொண்டிருக்கிற கோளாறு மேம்பாலத்தின் பாதியில் வெளியே வருவது இதனால்தான்.

முதல் வேலை: லோடோடு ஒரு ஓட்டம்

லோடு இருக்கட்டும். மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலை மாதிரி நெரிசல் இல்லாத, நேரான இடத்துக்குப் போங்கள். டாப்புக்கு ஒரு கியர் கீழே போட்டு முள்ளை 1,000-க்குக் கொண்டுவந்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். கிளீனர் பையன் போனில் மீட்டரைப் படம் பிடிக்கட்டும். டிரைவர் சாலையைப் பார்த்தால் போதும்.

பார்க்க வேண்டியவை: முள் எந்த எண்ணில் விறுவிறுப்பாக ஏறத் தொடங்குகிறது, எந்த எண்ணில் சோர்கிறது, கண்ணாடியில் புகை என்ன நிறம். இன்றைய டர்போ, காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும்) இன்ஜின்களில் முழு டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை, ஏறக்குறைய 1,100-லிருந்து 1,600 வரை கிடைக்கும். வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும், உங்கள் மீட்டரில் இருக்கும் பச்சைக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் முள் சீராக ஏறி, அதற்கு மேல் இழுவை மெல்லக் குறைந்தால் இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி 1: முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

இன்ஜின் உறுமுகிறது, முள் 1,300-லிருந்து 1,800-க்குத் தாவுகிறது, வேகம் அப்படியே நிற்கிறது. கூடவே கருகிய வாடை. இது கிளட்ச். இன்ஜின் பக்கம் போகவே வேண்டாம்.

முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது லூசாக ஆடிவிட்டுத்தான் கனம் வர வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்தபடி இருக்கிறது. செட்டிங் செய்தால் சரியாகலாம், காசு செலவில்லை. பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் டிரைவருக்கு இருக்கிறதா என்று பார்க்க, துறைமுக கேட் வரிசையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஆட்டம் சரியாக இருந்தால் அடுத்து பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) அடியில் பாருங்கள். ஆயில் சொட்டுகிறதா? இன்ஜின் பின்பக்க சீலோ கியர்பாக்ஸ் முன்பக்க சீலோ போயிருக்கும். பிளேட் தடிமனாக இருந்தாலும் ஆயில் பட்டால் வழுக்கும். சீலை மாற்றாமல் புது பிளேட் மட்டும் போட்டால் மூன்றே மாதத்தில் திரும்பி வருவீர்கள்.

உறுதி செய்ய ஒரு சோதனை: சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, முன்னால் ஆள் யாரும் இல்லாமல், உயர்ந்த கியரில் 1,000 வைத்து கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்லிப்தான். ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள். இதற்கு மேல் கியர்பாக்ஸை இறக்குகிற வேலை, ஷெட்டில்தான் ஆகும். இறக்கினால் ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 2: 1,400 வரை மந்தம், அதற்கு மேல் உயிர் வருகிறது

கீழே இழுவையே இல்லை. கியரை இறக்கி முள்ளை மேலே கொண்டுபோனால் பரவாயில்லை. பழைய வண்டியானால் கரும்புகை. டீசல் போகிறது, அதை எரிக்க வேண்டிய காற்று வரவில்லை. இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி அனுப்ப வேண்டிய டர்போ அதைச் செய்யவில்லை, அல்லது அமுக்கிய காற்று வழியில் எங்கேயோ போய்விடுகிறது. பத்துக்கு எட்டு முறை இரண்டாவதுதான். ஆனால் எல்லோரும் முதலில் கழற்றுவது டர்போவை.

போன வருடம் எண்ணூர் பக்கம் ஓடுகிற ஒரு டிரெய்லர் வந்தது. ஏற்கெனவே வேறு இடத்தில் டர்போ மாற்றியாயிற்று. மாற்றிய பிறகும் அதே மந்தம். கேபினைத் தூக்கி, டார்ச் அடித்து இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸைப் பார்த்தேன். மேலே பளிச்சென்று இருந்தது. அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினால் விரலில் கருப்பாக ஒட்டியது. ஹோஸுக்குள் இருந்து கசிந்த ஆயில் ஆவியில் நிலக்கரித் தூசி ஒட்டி, மை தீட்டினது போல ஒரு கோடு. அந்தக் கோட்டில் நகத்தை வைத்து விரித்தால் இரண்டு அங்குலத்துக்கு வெடிப்பு. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஐடிலில் மூடியே இருக்கும், லோடு இழுக்கும்போது அழுத்தத்தில் மட்டும் வாயைத் திறக்கும். ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்பு, வேலை முடிந்தது. ஓனர் ரொம்ப நேரம் அந்தப் பழைய ஹோஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே வரிசை இது. எல்லா ஹோஸையும் அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். கிளாம்புகளை இறுக்குங்கள். நின்ற வண்டியில் ஆக்சிலேட்டர் கொடுத்து சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு "லீக் இல்லை" என்று சொல்பவரை நம்பாதீர்கள். லோடு இல்லாமல் டர்போ அழுத்தம் கட்டாது. டர்போ வாய்க்கு மூடி போட்டு, ரெகுலேட்டர் வைத்து ஒன்று, ஒன்றேகால் பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, அப்புறம் சோப்புத் தண்ணீர் அடித்தால்தான் குமிழி தெரியும். அந்த மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், கழன்றால் பீரங்கிக் குண்டு மாதிரி வரும்.

லீக் இல்லையென்றால் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர், அதாவது டர்போ அழுத்தம் எல்லை மீறாமல் புகையை வேறு வழியில் திறந்துவிடும் கதவை அசைக்கும் பாகம். அதன் ராடு துருப்பிடித்துத் திறந்தே நின்றிருக்கும். கடல் காற்று இங்கே எதையும் சும்மா விடுவதில்லை, வயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கடைசியில்தான் டர்போ. இன்ஜின் ஆஃப் ஆகி ஆறிய பிறகு வாய் ஹோஸைக் கழற்றி, விரலால் சுற்றுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது சகஜம். முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கை உள்சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது. உள்ளே ஆயில் தேங்கி நின்றால் அந்த வண்டியை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த ஆயிலையே குடித்து இன்ஜின் தானாக ஏறிப் பறக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மெக்கானிக்கை வண்டி நிற்கிற இடத்துக்கே வரச்சொல்லுங்கள்.

அறிகுறி 3: கீழே நன்றாக இழுக்கிறது, 1,500 தாண்டினால் மூச்சு வாங்குகிறது

இங்கே கேள்வி புகை.

*புகை இல்லாமல் சோர்ந்தால்* இன்ஜினுக்குப் போதுமான டீசல் வரவில்லை. முதலில் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஒரு ஓட்டம் போங்கள். சரியாகிவிட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஊசி போதும். இல்லையென்றால் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து, காலியான அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் டேஷ்போர்டில் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகக் கோடு போட்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அடிக்கடி வருகிறது. ஒரு விரல் தண்ணீர் நின்றால் ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும்.

ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையா? அப்படியானால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிறகு டேங்கிலிருந்து பம்பு வரை வரும் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா, காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேலே ஃபீட் பம்பு, ஹை பிரஷர் பம்பு, இன்ஜெக்டர். இவை பெரிய செலவு, ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. காமன்ரெயில் பைப்பை இன்ஜின் ஓடும்போது லூசாக்கிப் பார்க்கும் பழைய வித்தை இங்கே செல்லாது. ஆயிரம் பாருக்கு மேல் நிற்கிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். விரல் போனவர்கள் உண்டு.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்து, டீசல் வாடையும் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

*கரும்புகையோடு சோர்ந்தால்* ஏர் ஃபில்டர். அதிக காற்று வேண்டியபோதுதான் அடைப்பு தெரியும், அதனால்தான் மேலே போய் விழுகிறது. ஹவுசிங்கில் இருக்கிற குட்டி இண்டிகேட்டர் சிவப்பு காட்டுகிறதா என்று பாருங்கள். நிலக்கரி, சிமென்ட் லோடு ஓட்டுகிறவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரை நம்ப வேண்டாம். உள் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடாதீர்கள், புதிதாகத்தான் போட வேண்டும்.

ஃபில்டர் சுத்தமா? எக்ஸாஸ்ட் பிரேக் பட்டர்ஃப்ளையை, அதாவது வேகத்தைக் குறைக்கப் புகைக் குழாயை மூடும் தகட்டைப் பாருங்கள். பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். லிவரைக் கையால் அசைத்தால் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை, நிறையப் பேருக்கு நினைவே வருவதில்லை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புது வண்டியில் புகையைச் சைலன்சரில் இருக்கிற ஃபில்டர் விழுங்கிவிடும், அதனால் "புகை இல்லை" என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

அறிகுறி 4: விளக்கு எரிகிறது, எந்த ஆர்பிஎம்மிலும் பலம் இல்லை

கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, மொத்த டார்க்கும் ஒரே அளவில் வெட்டினது போல இருந்தால் கம்ப்யூட்டர்தான் வெட்டியிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் இதுதான் அதிகம்.

யூரியா டேங்கைப் பாருங்கள், புகையைச் சுத்தம் செய்யும் திரவம் அதில்தான் இருக்கிறது. தீர்ந்தாலோ தரம் குறைந்தாலோ முதலில் டார்க்கில் கால் பங்கு குறையும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால், அப்புறம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வண்டி போகாது. அந்தத் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். உர மூட்டையை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றியவர்களின் வண்டியும் எங்களிடம் வந்திருக்கிறது. நாசில் முனையில் உப்பளம் மாதிரி வெள்ளைப் படிகம் கட்டியிருந்தது. மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு அந்த ஒரு நாசிலுக்கே போயிற்று.

அடுத்தது சென்னைக்கே உரிய வியாதி. துறைமுக கேட்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும்போது ஏசிக்காகவும் பிரேக் காற்றுக்காகவும் இன்ஜினை ஐடிலில் விடுகிறார்கள். சைலன்சர் சூடாகவே ஆகாது, கரி சேர்ந்துகொண்டே போகும். ரீஜென் (சைலன்சர் ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) விளக்கு கண் சிமிட்டும்போது டிரைவர் வண்டியை ஆஃப் செய்துவிட்டு டீக்குப் போய்விடுவார். நாலு தடவை இப்படி நடந்தால் பலம் வெட்டு. விளக்கு சிமிட்டுகிற கட்டத்திலேயே அரை மணி நேரம் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து சரியாகிவிடும். நிறுத்தி வைத்து ரீஜென் போடுவதானால் காய்ந்த புல், டீசல் டேங்க், கெமிக்கல் லோடு எதுவும் பக்கத்தில் வேண்டாம். 600 டிகிரி வரை சூடு போகும். மணலி ரிஃபைனரி பக்கம் நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

விளக்கு சிவப்பாக மாறிவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்லது ஸ்கேனர் உள்ள ஆள். "சென்சாரை கட் பண்ணி விட்டுடறேன், சும்மா பறக்கும்" என்று சொல்கிற ஆளிடம் போகாதீர்கள். சட்டப்படியும் தப்பு, அடுத்த கோளாறு வரும்போது எதை நம்பிப் பார்ப்பது?

அறிகுறி 5: காலையில் இழுக்கிறது, மதியம் இழுக்கவில்லை

சித்திரை, வைகாசியில் மட்டும் வருகிற புகார். இன்டர்கூலர், ரேடியேட்டர் இடைவெளியில் தூசி அப்பியிருக்கும். பின்னாலிருந்து முன்னால், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் தகடு மடங்கிவிடும். அப்புறம் கூலன்ட் மட்டம், ஃபேன் கிளட்ச். சூடான இன்ஜினை நிறுத்தியதும் ஃபேனைத் தள்ளிப் பாருங்கள், பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபேன் கிளட்ச் பிடிக்கவில்லை. சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானே பலத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

அறிகுறி 6: ஆக்சிலேட்டரை விட்டதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல

இதில் நானே ஒரு தடவை அசடு வழிந்திருக்கிறேன். ஒரு ஹார்ஸ், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி, இழுக்கவில்லை என்று வந்தது. ஃபில்டர், ஹோஸ், இன்ஜெக்டர் என்று இரண்டு நாள் பார்த்தேன். எல்லாம் சரி. மூன்றாம் நாள் வேறு டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தார் டிரைவர். "அண்ணே, சூப்பரா போகுதுண்ணே, என்ன பண்ணீங்க?" நான் ஒன்றுமே பண்ணவில்லை. பழைய டிரெய்லரின் கடைசி அச்சில் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து முதல் கேள்வி ஆர்பிஎம் என்றால், இரண்டாவது கேள்வி: "அதே டிரெய்லரா, மாத்திப் பாத்தியா?"

இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு, பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓரம் கட்டி, ஒவ்வொரு டிரம் மேலும் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று மட்டும் சுர்ரென்று ஆவியானால் அதுதான் திருடன். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை அதிகமாக இறுக்கியிருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் போயிருக்கலாம், டிரெய்லர் வால்வில் காற்று விடாமல் இருக்கலாம், ஹப் பேரிங் கிரீஸ் காய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் சாலையோரம் பிரிக்காதீர்கள், உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் இதே இழுப்பு வரும், அதனால் எதையும் பிரிப்பதற்கு முன்னால் கேஜ் வையுங்கள்.

அறிகுறி 7: ஒரு கோளாறும் இல்லை, ஏற்றத்தில் மட்டும் திணறல்

முள் சோதனையில் எல்லாம் சரியாக வந்தும் பாடி மேம்பாலத்திலோ கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்திலோ திணறினால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டிரைவரின் பக்கத்தில் உட்காருங்கள்.

பெரும்பாலும் இரண்டு பழக்கங்களில் ஒன்று. சிலர் ஏற்றத்தில் முள்ளை 2,200-க்கு ஏற்றிக் கத்த விடுவார்கள். அங்கே குதிரைத்திறன் இருக்கலாம், ஆனால் சரிவு இன்னும் கொஞ்சம் கூடினால் தாங்கிப் பிடிக்கிற டார்க் அங்கே குறைவு, டீசலும் சூடும்தான் ஏறும். இன்னும் சிலர், பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள், கியரை மாற்றினால் வேகம் போய்விடும் என்று 900 வரை விட்டுவிடுவார்கள். அங்கே டர்போ தூங்கிவிடும். முள் 1,200-க்கு வரும்போதே ஒரு கியர் இறக்குங்கள், அது 1,500 பக்கம் போய் நிற்கும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே இறக்கினால் இன்னும் நல்லது. பாதி மேம்பாலத்தில் மாற்றுகிற அந்த ஒரு நொடியில் 55 டன் இழக்கிற வேகத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பழக்கமும் சரியென்றால் எடைமேடை ரசீதைக் கேளுங்கள். 2018-ல் ஆறு அச்சு டிரெய்லருக்கு மொத்த எடை வரம்பை 49 டன்னிலிருந்து 55 ஆக உயர்த்தினார்கள். பழைய ஹார்ஸை வைத்துக்கொண்டு புது எடையை ஏற்றுகிற ஓனர்கள் அதிகம். அந்த ஆறு டன் ஏற்றத்தில்தான் கணக்குக் கேட்கும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியானால் பின் அச்சு ஹவுசிங்கில் கிரவுன் பினியன் (சக்கரங்களைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கர ஜோடி) பல் எண்ணிக்கையைப் பாருங்கள். மைலேஜுக்காக முந்தைய ஓனர் மாற்றியிருக்கலாம். பல் விகிதம் 6.17 இருந்த இடத்தில் 5.57 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்கு வருகிற இழுவை பத்து சதவீதம் போய்விடும். நெடுஞ்சாலையில் டீசல் மிச்சமாகும், மேம்பாலத்தில் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். பழையபடி மாற்றுவது பெரிய செலவு. நான் பெரும்பாலும் சொல்வது, அந்த ஹார்ஸைப் பெங்களூர் லைனிலிருந்து எடுத்து ஸ்ரீபெரும்புதூர் ஓட்டத்துக்கு விட்டுவிடுங்கள் என்றுதான்.